கடதாசி தின்றவன்

கஜன் அந்தக் கடதாசியை நாலாய் மடித்து வாய்க்குள் திணித்தான். கண்ணை மேலே செருகினான். இடது தோளை ஒருதரம் வெட்டி இழுத்தான். பிறகு சப்பத் தொடங்கினான்.

“கட்!” என்றார் இயக்குநர் நிரோஷன். “சுப்பர்! எப்பிடி அங்கிள், உங்கடை மாதிரியே வருதோ?”

வந்தது. அச்சொட்டாக வந்தது.

மானிப்பாயில் ஒரு பழைய கல்வீடு. காலை பத்து மணி இருக்கும். வீட்டுக்காரர் லண்டனில். விறாந்தைக்குக் கம்பி அடித்து, சுவருக்குச் சாம்பல் நிறம் பூசி, வீட்டைப் பைத்தியசாலை ஆக்கியிருந்தார்கள். முந்தி எங்கள் பக்கத்தில் வாழ்ந்த ஒரு எழுத்தாளரைப் பற்றிய படம். அவருக்கு விசர் என்று சொல்லிப் பூட்டி வைத்த கதை. அவராக முதன்முதல் மேடையில் நடித்தவன் நான். அதனால் என்னை ‘ஆலோசகர்’ என்று அழைத்து ஒரு பிளாஸ்ரிக் கதிரையும் ஒரு தொப்பியும் தந்திருந்தார்கள். ஆலோசனையை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை.

கஜனுக்கு அது தேவையும் இல்லை. எங்கள் நாடகத்தை யாரோ பிற்காலத்தில் வீடியோவில் பிடித்து வைத்திருந்ததை இப்போது இணையத்தில் ஏற்றியிருக்கிறார்கள். பெடியன் அதைப் பார்த்துப் பார்த்துப் பாடமாக்கியிருந்தான். கடதாசி மட்டும்தான் புதுசு. கேக்குக்கு மேலே ஒட்டுவார்களே, தின்னக்கூடிய கடதாசி, அது.

மூன்றாந் தரம் எடுத்துக்கொண்டிருந்தபோது படலை திறந்தது. குடையை மடித்தபடி பரமேசு அக்கா வந்தார். எழுத்தாளரின் ஒரே மகள். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர். நிரோஷன்தான் அழைத்திருந்தார். பஸ்ஸில் வந்து, சந்தியில் இறங்கி, வெயிலில் நடந்து வந்திருக்கிறார்.

கஜன் சப்பிக்கொண்டிருந்தான். அக்கா மாமரத்தடியில் நின்று கடைசிமட்டும் பார்த்தார். பிறகு நிரோஷனிடம் வந்து மெல்லக் கேட்டார்.

“தம்பி, உது நடந்ததுதான். நான் இல்லையெண்டு சொல்லேல்லை. ஆனா உதைப் படத்திலை காட்டத்தான் வேணுமோ?”

“அன்ரி, நாங்கள் உண்மையைத்தான் எடுக்கிறம். உண்மையை மறைச்சால் உங்கடை அப்பாவுக்குத்தானே துரோகம்?”

அக்கா என்னைத் திரும்பிப் பார்த்தார்.

அது நடக்கவே இல்லை. அந்த வளவுக்குள் அது தெரிந்த ஒரே ஆள் நான்தான்.

அவர் யார்?

எழுத்தாளரின் பெயரை நான் இங்கே எழுதப்போவதில்லை. காரணம் கடைசியில் வரும். வலிகாமத்துக்காரர். வெங்காயமும் புகையிலையும் பயிர் செய்த குடும்பம். பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டு கதை எழுதினார்.

பத்திரிகையில் தொடராக வந்த ஒரு கதைதான் அவருக்கு வினையாய் முடிந்தது. ஊரில் ஒரு பெரிய வீடு. அந்த வீட்டுக் கிணற்றில் இன்னார் இன்னார் அள்ளக்கூடாது என்று கட்டுப்பாடு. அந்த வீட்டுப் பெரியவரோ, அள்ளக்கூடாது என்று விலக்கிய வீடொன்றுக்கு இருட்டினபிறகு போய்வருகிறவர். அங்கே அவர் சாயலில் ஒரு பிள்ளையும் வளர்ந்தது. கதை இவ்வளவுதான். ஆனால் மனிதர் கிணற்றடியில் எத்தனை கமுகு நிற்கிறது என்பதுவரை எழுதிவிட்டார். எந்த வீடு என்று கண்ணில்லாதவனுக்கும் தெரிந்தது. அந்தப் பெரியவர் அவருடைய சொந்தத் தமையன்.

ஊர் கொதித்தது. பத்திரிகையைச் சந்தியில் போட்டுக் கொளுத்தினார்கள். வேலை போனது. அப்போதும் மனிதர் அடுத்த அத்தியாயத்தை எழுதி அனுப்பினார். எனக்கு அதில் ஒரு சந்தோஷம், இன்றைக்கும்.

தமையன் சத்தம் போடவில்லை. ஒரு காரைப் பிடித்தார், ஒரு சான்றிதழை எடுத்தார், தம்பியைத் தெற்கே கொண்டுபோய்ப் பைத்தியசாலையில் சேர்த்துவிட்டு வந்தார். விசரன் எழுதியதை யார் நம்புவது? கதை பொய்யாகிவிட்டது. ஆறு வருஷம் கழித்துத் திரும்பி வந்தவர் பிறகு ஒரு வரியும் எழுதவில்லை. வாழைக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார். ஒருநாள் செத்துப்போனார்.

பரமேசு அக்கா அப்போது சின்னப் பிள்ளை. அந்த ஆறு வருஷத்தில் தாயோடு இரண்டே தரம்தான் போய்ப் பார்த்திருக்கிறார்.

குருநகர்க் குரல்

நான் குருநகர். எங்கள் வீட்டில் வலையும் கூத்தும் மாறிமாறி நடக்கும். அப்பா ராசா வேஷக்காரர். கெட்ட ராசாவுக்குக் கோபம் வந்தால் கண் மேலே போகவேண்டும், கை நடுங்கவேண்டும், கடைசி வரிசையில் இருக்கிற கிழவிக்கும் கேட்கவேண்டும். எனக்கு நடிப்பு என்றால் அதுதான்.

போரும் பொருளாதாரத் தடையுமான காலம். மின்சாரம் இல்லை, சவர்க்காரம் இல்லை, பற்றரி இல்லை. கடதாசியும் இல்லை. பத்திரிகையே கோடு போட்ட கொப்பித்தாளில் அச்சாகி வந்தது. அந்த நேரத்தில்தான் ஒரு மாஸ்ரர் என்னைத் தேடி வந்தார். எழுத்தாளரைப் பற்றி ‘விலங்கும் பேனையும்’ என்று நாடகம் எழுதியிருந்தார். உயரமும் மெலிவும் எனக்கு ஒத்துவந்தனவாம். அந்த நாளில் ஆர்தான் கொழுத்திருந்தது?

மாஸ்ரர் ஒரு நிபந்தனை போட்டார். கூத்தில் எங்களுக்கு ஓரத்தில் ஒருவர் நின்று வரி எடுத்துக் கொடுப்பார். நாங்கள் அதைப் பிடித்துக்கொண்டு பாடிவிடுவோம். மாஸ்ரர் அதை மறித்துவிட்டார்.

“இது நவீன நாடகம், தாசன். எடுத்துக் குடுக்கிற பழக்கத்தையெல்லாம் குருநகரோடை விட்டிட்டு வாரும்.”

எனக்குப் பொத்துக்கொண்டு வந்தது. குருநகரோடு விடுவதா? ஆனால் பயமும் வந்தது. எடுத்துக் கொடுக்க ஆள் இல்லாமல் நான் மேடை ஏறியதே இல்லை.

அதனால் ஒரு கள்ள வேலை செய்தேன். கடைசிக் காட்சியில் எழுத்தாளர் கையில் ஒரு கடதாசியோடு நின்று நீளமாகப் பேசவேண்டும். அந்தப் பேச்சு முழுவதையும் அந்தக் கடதாசியிலேயே எழுதி வைத்துக்கொண்டேன். மாஸ்ரருக்குச் சொல்லவில்லை.

வாய்க்குள் போனது எப்படி

முதல் மேடை அளவெட்டியில், ஒரு பள்ளிக்கூட மண்டபத்தில். வெளிச்சம் இருக்கும்போதே முடிக்கவேண்டும் என்று பின்னேரம் மூன்று மணிக்கே தொடங்கினோம். அளவெட்டிச் சனத்தைப் பற்றித் தெரியும்தானே. நாதஸ்வரம் கேட்டு வளர்ந்த காது. எங்கே பிசகினாலும் முன்வரிசையிலேயே தலை ஆட்டுவார்கள், இல்லை என்ற பக்கமாக.

மண்டபத்துக்குள் வெக்கையில் ஒரே அவியல். எனக்கு இடது கமக்கட்டுக்குள், அக்குளில், சீழ் வைத்த பெரிய கட்டு ஒன்று வேறு. கை அசைத்தால் உயிர் போகிறது. கடைசிக் காட்சி வந்தது. மடியிலிருந்து கடதாசியை எடுத்தேன். வியர்வையில் தோய்ந்து, மை ஊறி, முழுவதும் நீலமாகக் கிடந்தது. ஒரு எழுத்துக்கூடத் தெரியவில்லை.

என்ரை மாதாவே! தலைக்குள்ளும் ஒன்றுமில்லை. ஓரத்தைப் பார்த்தேன். அங்கே மாஸ்ரர் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். முன்வரிசையில் ஒரு தவில்காரர் என்னையே பார்க்கிறார். என்ன செய்வது என்று தெரியாமல் அந்தக் கடதாசியை நாலாய் மடித்து வாய்க்குள் திணித்தேன். வாய் நிறையக் கடதாசி இருந்தால் பேசவேண்டியதில்லைதானே? கட்டு நோவெடுக்க இடது தோள் தானாக வெட்டி இழுத்தது. நான் சப்பினேன். திரை விழுந்தது.

மண்டபம் எழுந்து நின்று கைதட்டியது. பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். பிள்ளைகளுக்குக் கொப்பி வாங்க முடியாத காலத்தில் ஒரு மனிதன் கடதாசியைத் தின்கிறான். அது அவர்களுக்கு எங்கேயோ போய்ப் பட்டுவிட்டது. மாஸ்ரர் ஓடிவந்து கட்டிப்பிடித்தார்.

“தாசன்! இனி எல்லா மேடையிலையும் உது வேணும்!”

எல்லா மேடையிலும் கடதாசி தின்றால் குடல் என்னாவது? என் மனைவி ஜெசிந்தா ஒரு வழி கண்டுபிடித்தாள். உழுந்து போடாமல் பச்சையரிசி மாவில் மெல்லிசாய் ஒரு வெள்ளைத் தோசை. சுட்டு, ஓரம் வெட்டி, துணியில் சுத்தித் தந்துவிடுவாள். இரண்டாம் வரிசையில் இருப்பவனுக்கே அது கடதாசிதான். ஒருநாள் உப்புக் கூடிப்போய், அன்றைக்கு எனக்கு உண்மையிலேயே கண்ணீர் வந்தது. நடிப்பின் உச்சம் என்று எழுதினார்கள்.

கட்டு ஆறிவிட்டது. தோள் வெட்டு மட்டும் மேடையில் நிலைத்துவிட்டது. எங்களுக்குப் பிறகு எழுத்தாளரை வைத்து இரண்டு வீதி நாடகம் வந்தது, ஒரு பாடசாலைப் போட்டி நாடகம் வந்தது, வெளிநாட்டில் ஒரு குறும்படமும் வந்தது. எல்லாவற்றிலும் எழுத்தாளர் கடதாசி தின்றார். எல்லாவற்றிலும் இடது தோளை இழுத்தார். என்னுடைய கட்டு கடல் கடந்து போய்விட்டது.

ஒரு கேள்வி, ஒரு மறுமொழி

இதுவரை சொன்னது சிரிப்புக் கதை. இதைப் பல கூட்டங்களில் சொல்லிக் கைதட்டும் வாங்கியிருக்கிறேன், கடதாசி வாய்க்குள் போன காரணத்தை மட்டும் விட்டுவிட்டு. இனிச் சொல்வதை நான் ஒருவருக்கும் சொன்னதில்லை.

நல்லூரில் ஒரு மேடை. முடிந்தபிறகு பரமேசு அக்கா பின்பக்கம் வந்தார். அன்றுதான் முதன்முதல் பார்க்கிறேன்.

“நல்லாய் நடிச்சீர் தம்பி. உந்தக் கடதாசி விசயம் ஆர் உமக்குச் சொன்னது?”

என்ரை கற்பனை என்று சொல்லியிருக்கலாம். மறந்துபோனேன் அக்கா, வெட்கம், அதுதான் தின்றேன் என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பக்கத்தில் நாலு பேர் நின்றார்கள். நான் பெருமைக்காரன். வாய் தானாகச் சொன்னது.

“அங்கை ஆஸ்பத்திரியிலை வேலை செய்த ஒராள் சொன்னவர் அக்கா.”

அவர் “அப்பிடியோ” என்றார். போய்விட்டார்.

சில வருஷம் கழித்து அவருடைய தாய் காலமானார். எங்கள் வழக்கம் தெரியும்தானே. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்கு நினைவு மலர் அடித்து வீடுவீடாய்க் கொடுப்போம். படம், தேவாரம், வம்சாவளி, வாழ்க்கைக் குறிப்பு, கடைசியில் குடும்பத்தினரின் நன்றி. வாழ்க்கைக் குறிப்பில் கணவரைப் பற்றி எழுத ஆள் தேடினார்கள். “அவராய் நடிச்ச தாசனைக் கேளுங்கோ, அவருக்குத்தான் எல்லாம் தெரியும்” என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

எழுதிக் கொடுத்தேன். ‘பைத்தியசாலையின் இருளறையில் தம் எழுத்தையே உண்டு பசியாறிய பெருமகன்’ என்று ஒரு வரி. வசனம் எப்படி விழுந்திருக்கிறது என்று ஜெசிந்தாவுக்கு இரண்டுதரம் வாசித்தும் காட்டினேன். அப்படிப்பட்ட குறிப்புகளுக்கு எழுதியவர் பெயர் போடுவதில்லை. கீழே ‘குடும்பத்தினர்’ என்று அச்சானது.

நான் அப்போது பொய் சொன்னேனா? நடித்து நடித்து எனக்கே அது நடந்ததுபோலத்தான் இருந்தது. இது சாட்டு இல்லை. இருந்ததைச் சொல்கிறேன்.

மாமரத்தடி

அன்று மானிப்பாயில் நிரோஷன் பையிலிருந்து எடுத்தது அந்த மலரைத்தான். பழுப்பாகிப் போயிருந்தது. பக்கத்தை விரித்து அக்காவிடம் நீட்டினார்.

“அன்ரி, நான் ஆதாரமில்லாமல் ஒண்டும் செய்யேல்லை. இஞ்சை பாருங்கோ. உங்கடை குடும்பமே எழுதியிருக்கு.”

அக்கா மலரை வாங்கவில்லை. மூக்குக்கண்ணாடியையும் போடவில்லை. “ஓம், தெரியும்” என்று மட்டும் சொன்னார். பிறகு குடையை எடுத்தார். போகப்போகிறார் என்று விளங்கியது. அவர் போய்விட்டால் மத்தியானத்துக்குள் காட்சி முடிந்துவிடும். பிறகு திரையிலும் அதுதான், என்றைக்கும் அதுதான். என் வாயைத் திறக்க இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது.

எழுந்தேன். தொப்பியைக் கழற்றிக் கதிரையில் வைத்தேன்.

“தம்பி நிரோஷன், அதை எழுதினது குடும்பம் இல்லை. நான்.”

“சரி அங்கிள், நீங்கள் எழுதினால் என்ன? உங்களுக்குத்தானே எல்லாம் தெரியும்.”

“எனக்கு ஒரு கோதாரியும் தெரியாது! அளவெட்டி மேடையிலை எனக்கு வசனம் மறந்துபோச்சு. அதை மறைக்கக் கடதாசியை வாய்க்குள்ளை வைச்சனான். அவ்வளவுதான். அவர் திண்டதெண்டு ஆரும் எனக்குச் சொல்லேல்லை.”

கஜன் வாயிலிருந்ததைக் கையில் துப்பினான்.

“ஆஸ்பத்திரியிலை வேலை செய்த ஒராள் எண்டீர்” என்றார் அக்கா.

“அப்பிடி ஒராளும் இல்லை அக்கா.”

அவர் என் கதிரையில், தொப்பிக்குப் பக்கத்தில், விளிம்பில் இருந்தார். நான் ஏச்சுக்குத் தயாராக நின்றேன். ஏசியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

“அப்பாவுக்கு அங்கை கடதாசி, பேனை ஒண்டும் குடுக்கப்படாதெண்டு கட்டளை. எழுதித்தான் விசர் வந்ததெண்டு பெரியப்பா சொல்லி வைச்சவராம். நீர் அண்டைக்கு அப்பிடிச் சொல்லேக்கை நானும் அம்மாவும் என்ன நினைச்சம் தெரியுமோ? எங்கையோ களவாய் ஒரு துண்டு கிடைச்சிருக்கு, எழுதப் பேனை இல்லை, ஆத்தாமையிலை திண்டிட்டார் ஆக்கும் எண்டு. அம்மா அதுக்குப் பிறகு கடையிலை சாமான் சுத்தித் தாற கடதாசியைக் கண்டாலும் முகத்தைத் திருப்புவா. சாகுமட்டும் அப்பிடித்தான். என்ரை பெடியனைப் பள்ளிக்கூடத்திலை ‘கடதாசி தின்னியின்ரை பேரன்’ எண்டு கூப்பிட்டவங்கள். நான் அவனுக்கு என்ன சொன்னனான் தெரியுமோ? உண்மையைச் சொன்னால் கோவிக்கக்கூடாதெண்டு.”

“அக்கா” என்றேன். பிறகு ஒன்றும் வரவில்லை. வாய்க்குள் திணிக்கக் கையில் கடதாசியும் இல்லை.

நிரோஷன் கெட்ட பிள்ளை இல்லை. மலரை மடித்துப் பைக்குள் வைத்துவிட்டு அக்காவுக்கு முன்னால் குந்தினார்.

“அன்ரி, நீங்கள் போன நேரம் அவர் என்ன செய்தவர்?”

“ஒண்டும் செய்யேல்லை. மர வாங்கிலை குந்தியிருந்தவர். ஆடு குட்டி போட்டுதோ எண்டு என்னைக் கேட்டவர். விசர்க் கதை ஒண்டும் கதைக்கேல்லை.” கொஞ்சம் யோசித்தார். “அம்மா பனங்காய்ப் பணியாரம் சுட்டுப் பேப்பரிலை சுத்திக் கொண்டுபோனவ. வாசல்லை நிண்ட ஆள் அதைப் பிரிச்சு, பணியாரத்தை அப்பான்ரை கையிலை குடுத்திட்டுப் பேப்பரைத் தான் வைச்சிருந்தான். அப்பா பணியாரத்தைப் பாக்கேல்லை. அந்தப் பேப்பரைத்தான் பாத்துக்கொண்டிருந்தவர். நாங்கள் வெளிக்கிடுமட்டும்.”

என் இரண்டாவது வேஷம்

அன்று மத்தியானம் அந்தக் காட்சியைத்தான் எடுத்தார்கள். சந்திக் கடையில் பணியாரம் இல்லை, வாய்ப்பன்தான் கிடைத்தது. பழைய பேப்பர் ஒன்று வீட்டு மேசை லாச்சிக்குள் இருந்தது. வாசலில் நிற்கும் ஆளுக்கு நடிகர் இல்லை.

“அங்கிள், நீங்கள் நில்லுங்கோ” என்றார் நிரோஷன்.

அக்காவைப் பார்த்தேன். ஓம் என்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

காக்கிச் சட்டை போட்டுக்கொண்டு நின்றேன். வசனம் ஒன்றும் கிடையாது. பொதியைப் பிரித்து வாய்ப்பனைக் கஜனின் கையில் கொடுத்தேன். பேப்பரை நாலாய் மடித்து என் சட்டைப்பைக்குள் வைத்தேன். கஜன் பார்த்தான். தோள் அசையவில்லை, கண் மேலே போகவில்லை. என் சட்டைப்பையைச் சும்மா பார்த்துக்கொண்டிருந்தான். எனக்குத்தான் நிற்க முடியவில்லை.

நிரோஷன் கட் சொல்ல மறந்துபோனார். அக்கா சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“ஓம். உப்பிடித்தான்” என்றார்.

படலைமட்டும் கூடப் போனேன். மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். கையைக் காட்டி மறித்துவிட்டார்.

“அதை எனக்குச் சொல்லி என்ன பிரியோசனம்? மலரிலை எழுதினது உம்மடை கை. பேர் எங்கடை. நீர் இப்ப கிழமைக்குக் கிழமை பத்திரிகையிலை எழுதுறீர்தானே? அங்கை எழுதும். அப்பான்ரை பேரைப் போடாதையும். இந்த முறை உம்மடை பேரைப் போடும்.”

குடையை விரித்துக்கொண்டு சந்திப் பக்கம் நடந்தார்.

எழுதிவிட்டேன் அக்கா. யாருடைய மலர் என்பது ஊருக்குத் தெரியும். வாசிக்கிறவர்களே, அது உங்கள் வீட்டு அலுமாரியில் இருந்தால் எடுத்து, பேனையால் அந்த ஒரு வரியை வெட்டிவிடுங்கள். அவர் கடதாசி தின்னவில்லை. தின்றவன் குருநகர் தாசன்.